வழக்கு மன்றக் கதை போதுமா?

பண்டமாரானில் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் பேச்சுப் போட்டிக்கு இராமலிங்க அடிகளைத் தலைப்பாகக் கொண்டால், அவனுக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் ஒரு வழக்கு மன்றக் கதையே. வள்ளலார் உள்ளே நுழைந்தாராம். வழக்குத் தொடுத்த ஆறுமுக நாவலரே தம்மை மறந்து எழுந்து நின்றாராம். அதைக் கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளினாராம். கைதட்டலுக்கு ஏற்ற கதைதான். கல்விக்கு ஏற்றதா?

நடந்தது என்ன? 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் அடிகளின் பாடல்களைத் 'திருவருட்பா' எனப் பெயரிட்டு, திருமுறைகளாக வகுத்து அச்சேற்றினார். பன்னிரு திருமுறைகளுக்கு உரிய பெயரை, வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பாடல்களுக்குச் சூட்டலாமா என்பது நாவலர் தரப்பின் வினா. மறுப்பு எழுந்தது, மறுப்புக்கு மறுப்பும் எழுந்தது. பொருளை விட்டு ஆளைத் தாக்கும் வசைமொழி இருபுறமும் பெருகியது. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியது அவதூறு வழக்கு. சிதம்பரத்தில் பேசப்பட்ட சொற்களைப் பற்றியது. பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என முடிவு செய்வது அம்மன்றத்தின் வேலை அன்று.

அடிகளை உயர்த்துவதாக எண்ணி நாவலரைத் தாழ்த்துவோர் ஒன்றை மறக்கின்றனர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலபாடம் எழுதி, திருக்குறள் பரிமேலழகர் உரையைப் பதிப்பித்தவர் நாவலர். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர். யாழ்ப்பாண வழியினரும் தமிழக வழியினரும் கலந்து வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில், ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்பழம்பகையைப் பாடமாக்குவது முறையா?

மறுபுறம், அடிகளைச் சித்து காட்டி மயக்கியவர் என இகழ்ந்தோர் அவர்தம் கடிதங்களைக் கண்டிலர் போலும். தம் பெயரை 'இராமலிங்கசாமி' என வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் தமக்கு உடன்பாடன்று என அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு அவரே எழுதினார். பட்டத்தை விரும்பாத ஒருவரைப் பட்டம் தேடியவர் என்பது என்ன நியாயம்? 1865இல் சன்மார்க்க சங்கம், 1867இல் பசித்தோர்க்குச் சோறிடும் தருமச்சாலை, 1872இல் சத்திய ஞானசபை: அவர் யார் என்பதை இவை சொல்லும். வடலூரில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

பிற்காலத்தில் நா. கதிரைவேற் பிள்ளை மருட்பாக் கட்சியை முன்னெடுத்தபோது, அருட்பாவுக்காக மேடையேறி வாதிட்டவர் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர். சன்மார்க்கம் எத்துணைப் பரந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் மேடைக் கதையை மேடைக் கதை என்றே கூறுக. இருவர் நூல்களையும் மாணவர் கையில் தருக. எதிரியைக் குனியவைத்துத்தான் அடிகளுக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்பது, உயிர்களிடத்து வேற்றுமை பாராட்டாதவருக்குச் செய்யும் சிறுமையேயாகும்.