அரை ரூபாய் எங்கே போயிற்று?

'செல்லாக் காசு' என்னும் தொடரை நம்மில் பலர் பிறரைப் பழிப்பதற்கே பயன்படுத்தி வருகிறோம். ஒரு காசு எவ்வாறு செல்லாக் காசாகிறது என்று நின்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அரசு ஆணையிட்டு ஒரு நாணயத்தைச் செல்லாததாக்குவது ஒரு வகை. சட்டப்படி அது உயிரோடிருக்க, மக்களே அதைக் கைவிட்டுச் சந்தையில் சாகடிப்பது மற்றொரு வகை. முதல் வகைச் சாவுக்கு நாளும் தேதியும் உண்டு. கையிலிருப்பதை மாற்றிக்கொள்ளத் தவணையும் உண்டு. இரண்டாம் வகைச் சாவுக்கு இவை எதுவும் இல்லை. அதனால் விளையும் இழப்பை யார் சுமக்கிறார் என்றும் எவரும் கேட்பதில்லை. நம் பங்குக் குடும்பங்கள் பலவும் அந்த இழப்பை நாள்தோறும் சுமந்து வருவதால், இம்மாதம் அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் செல்லா என்று நடுவண் அரசு 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஜூன் 29 வரை அவற்றை வங்கிகளில் கொடுத்து மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்தது. அன்றோடு 'நாலணா' என்ற பெயரும் புழக்கத்திலிருந்து விடைபெற்றது. அணாக் கணக்கு 1957இல் ஒழிந்த பிறகும் 54 ஆண்டுகள் நம் நாவில் வாழ்ந்த பெயர் அது! எளிதில் சாகாத இனம் நம் பழைய நாணயப் பெயர்கள். இப்போது எஞ்சி நிற்பது 'எட்டணா' ஒன்றே. அதாவது 50 காசு. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, மொத்தம் ரூ.10 வரையுள்ள தொகைக்கு அரை ரூபாய் நாணயங்கள் செல்லும். ஆனால் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்ப் பாருங்கள், கடைக்காரர் சிரிப்பார். கோயில் வாசலில் கையேந்தி நிற்பவரும் அதைத் திருப்பித் தந்துவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை. அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளும் தேநீர்க் கடை எங்கே இருக்கிறது?

அணா போய் நயா பைசா வந்த காலத்தை நம் முதியோர் இன்னும் சுவையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்படி என்றிருந்த கணக்கு, 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. ஓரணாவுக்கு ஆறேகால் காசு. கால் காசுக்கு நாணயம் ஏது? ஆகவே ஒரு விதி வகுத்தார்கள். அரைக் காசும் அதற்குக் குறைந்ததும் தள்ளுபடி. அரைக்கு மேற்பட்டால் ஒரு காசாகக் கொள்க. இவ்விதிப்படி ஓரணாவுக்கு 6 காசு, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25. ஓரணாப் பொருளை நான்கு முறை தனித்தனியே வாங்கினால் 24 காசோடு முடிந்துவிடும். நான்கையும் ஒருமிக்க வாங்கினால் 25 காசு. இதைக் கண்டுபிடிக்க நம் பாட்டிமார்களுக்குப் பள்ளிப் படிப்பு தேவைப்படவில்லை! நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த விதியில் சில வேளை வாங்குபவர்க்கு ஆதாயம், சில வேளை விற்பவர்க்கு ஆதாயம். ஒருவரே எப்போதும் இழக்கவில்லை.

கானடா நாட்டினரும் இதே நேர்மையோடு நடந்துகொண்டனர். ஒரு செண்டு நாணயத்தை அடிக்க 1.6 செண்டு செலவாகிறது என்று கண்டு, 2013 பிப்ரவரி 4 முதல் அதை வெளியிடுவதை நிறுத்தினார்கள். அமெரிக்காவிலும் 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச்சாலையில், புழக்கத்திற்கான ஒரு செண்டு நாணயம் கடைசியாக அடிக்கப்பட்டது. அங்கே ஒரு செண்டுக்கு மூன்றரைச் செண்டுக்கு மேல் செலவாகி வந்ததாம். நாணயத்தின் மதிப்பைவிட அதன் உலோகமும் கூலியும் மிகும்போது எந்த அரசும் இந்த முடிவுக்கே வரும்; அதில் நமக்கு வழக்கு இல்லை. ஆனால் கானடாவில், எல்லாப் பொருளையும் கூட்டி வந்த மொத்தத் தொகையை மட்டும் ஐந்தின் மடங்காக்க வேண்டும் என்றும், ஒன்றும் இரண்டும் மிஞ்சினால் விட்டுவிட வேண்டும், மூன்றும் நான்கும் மிஞ்சினால் ஐந்தாக்கிக்கொள்ளலாம் என்றும் அரசே வழி காட்டியது. ரொக்கமாகக் கொடுப்பவர்க்குத்தான் இக்கணக்கு. அட்டையால் செலுத்துபவர் கடைசிச் செண்டு வரை துல்லியமாகவே செலுத்தலாம். இன்று ஒரு செண்டு போனாலும் நாளை ஒரு செண்டு வந்துவிடும்.

நம் அரை ரூபாய்க்கு அத்தகைய விதி உண்டா? அரசுக்குச் செலுத்தும் சரக்கு சேவை வரிக்கு உண்டு: 50 காசுக்குக் குறைந்தால் தள்ளுபடி, 50 காசும் அதற்கு மேலும் ஒரு ரூபாய். கடைத்தெருவில் எழுதாத ஒரே விதிதான். பின்னம் எப்போதும் மேல்நோக்கியே போகும். வாங்குபவர் பக்கம் அது சாய்ந்ததை நாம் கண்டதில்லை. மிஞ்சிய காசுக்கு ஒரு மிட்டாயை எடுத்து நீட்டுவது கடைக்காரருக்கு வழக்கமாகிவிட்டது. அந்த மிட்டாயை அடுத்த நாள் அதே கடையில் காசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா? பேருந்து நடத்துநர் மீதியைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். இறங்கும் அவசரத்தில் கேட்க மறந்தவர் மறந்தவரே.

இது அற்ப விஷயம், ஒரு சாமியார் அரைக் காசுக்காகப் பேனா எடுக்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு கணக்கு. 2019 ஆகஸ்டு முதல் 2021 மே வரை ஆவின் நீல நிற அரை லிட்டர் பாக்கெட்டின் விலை ரூ.21.50. மாத அட்டை வைத்திருந்தோர்க்குப் பின்னம் மாதக் கணக்கில் கரைந்துவிடும். அன்றன்றைய கூலியில் அன்றன்று ஒரு பாக்கெட் வாங்குபவர் கொடுத்ததோ 22 ரூபாய். நாளுக்கு 50 காசு வீதம் ஆண்டுக்கு ரூ.182.50 ஆகிறது, எட்டுப் பாக்கெட் பாலின் விலைக்கும் மேல்! மாதம் முழுவதற்கும் முன்பணம் கட்ட வசதியுள்ள வீட்டில் அந்தப் பால் மிஞ்சியது. வசதியில்லாத வீட்டுக் குழந்தைக்கு எட்டு நாள் பால் குறைந்தது. கடைக்காரரும் பெரும் பணக்காரர் அல்லர். அவர் கல்லாப்பெட்டியிலும் அரை ரூபாய் இல்லை. யாரும் திருடவில்லை, ஆயினும் ஒருவர் மட்டும் தொடர்ந்து இழந்திருக்கிறார்.

சிறிய நாணயம் மறைந்தால் விலைகளும் படிப்படியாக ஏற முடியாமல் தாவித் தாவி ஏறும். தீப்பெட்டியைப் பாருங்கள். 2007இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாயாயிற்று. பிறகு 14 ஆண்டுகள் அசையவில்லை; அட்டை, மெழுகு, கந்தகம் எல்லாம் விலை ஏறியும் சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத் தொழிலாளர் குடும்பங்களும் சிறு முதலாளிகளும் ஒரு ரூபாய்க்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். 2021 டிசம்பர் 1 அன்று ஒரே தாவலில் இரண்டு ரூபாய். ஒன்றேகால், ஒன்றரை என்ற படிகளில் ஏறியிருக்கலாமே என்றால், அந்தப் படிகளுக்கு உரிய நாணயம் எவர் கையிலும் இல்லை. விற்பவர் 14 ஆண்டு நெரிசலில் தவித்தார். வாங்குபவர் ஒரே இரவில் இருமடங்கு கொடுத்தார்.

இந்நிலையில்தான் கைபேசி வழிப் பணம் வந்து சேர்ந்தது. 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை தொடங்கியது, அவ்வாண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற்போனபின் மக்கள் மெல்ல அப்பக்கம் திரும்பினர். இன்று பூக்கடையிலும் இளநீர் வண்டியிலும் கட்டம் கட்டமான அந்த அட்டை தொங்குகிறது. பணம் வந்துவிட்டதென்று ஒரு சிறு பெட்டி உரக்க அறிவிக்கிறது. இதை நாம் குறை சொல்ல வரவில்லை. வெளியூரில் வேலை செய்யும் மகன் தாய்க்கு நொடியில் பணம் அனுப்புகிறான். மணியார்டருக்கு வாரக்கணக்கில் காத்திருந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. வேடிக்கை என்னவெனில், கையில் மாண்டுபோன அரை ரூபாய் கைபேசியில் உயிர்த்தெழுந்துவிட்டது. ரூ.21.50 என்று தட்டினால் ரூ.21.50 போய்ச் சேரும். ஆக, கைபேசி உள்ளவர் சரியான விலை கொடுக்கலாம். சுருக்குப் பையில் காசு வைத்திருக்கும் மூதாட்டிதான் முழு ரூபாய் கொடுக்க வேண்டும். கானடாவில் ரொக்கம் கொடுப்பவர்க்குக் காவலாக ஒரு விதியாவது இருந்தது.

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் ஏழைக் கைம்பெண்ணை நாம் அனைவரும் அறிவோம். அவள் பெட்டியில் இட்டவை யூத நாட்டில் அன்று புழங்கியவற்றுள் மிகச் சிறிய செப்புக் காசுகள் இரண்டு. இந்த 'இரண்டு' என்னும் எண்ணை நாம் மறையுரைகளில் விரைந்து கடந்துவிடுகிறோம். ஒரே காசாக இருந்திருந்தால், கொடு அல்லது கொடுக்காதே என்ற இரு வழிதான் அவளுக்கு. இரண்டு இருந்தபடியால் ஒன்றை அரிசி மாவுக்கோ விளக்கெண்ணெய்க்கோ வைத்துக்கொண்டு மற்றொன்றை இட்டிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வைத்துக்கொள்ளக் கூடியதை அவள் கொடுத்தாள். சிறிய காசு ஏழைக்குச் செய்யும் உதவி இதுவே: தன்னிடமுள்ள சிறிதையும் அவன் பங்கிட்டுக்கொள்ளலாம். (யூத நாட்டில் அரிசி ஏது என்று நம் வேதபாடப் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். நம் ஊர்க் கைம்பெண்ணை நினைத்து எழுதிவிட்டோம்; பொறுத்தருள்க.)

அரை ரூபாயையாவது கிடைக்கவில்லை என்று விடலாம். தாராளமாகக் கிடைக்கும் பத்து ரூபாய் நாணயத்தையும் தமிழகத்தின் பல ஊர்களில் வாங்க மறுத்தார்களே, அதற்கு என்ன சொல்வது? ரூபாய்க் குறி உள்ளது நல்லது, இல்லாதது போலி என்று யாரோ கிளப்பிவிட்ட புரளி அது. வெவ்வேறு காலங்களில் வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. அறிவிப்பு வந்த பின்னும் நம் பங்கைச் சேர்ந்த ஒரு காய்கறி விற்கும் தாயார், நாள் முழுதும் விற்றுச் சேர்த்த பத்து ரூபாய் நாணயங்களை எவரும் வாங்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நம்மிடம் காட்டினார். அவற்றை வாங்கிக்கொண்டு தாள்களாகக் கொடுத்தனுப்பினோம். பின்னர் ஞாயிற்றுக் காணிக்கைச் சில்லறையோடு சேர்த்து ஒரு வங்கிக் கிளைக்கு எடுத்துச் சென்றபோது, எண்ண ஆளில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். நாணயங்களை எல்லா வங்கிகளும் ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. மூன்றாம் முறை போனபோது ஏற்றார்கள். வெள்ளை அங்கி அணிந்தவருக்கே மூன்று நடை என்றால், அந்தத் தாயாருக்கு எத்தனை நடையோ!

காணிக்கைப் பையை நிறுத்திவிட்டுக் கோயில் வாசலில் கைபேசி அட்டையை மட்டும் வைக்கலாம் என்று பங்குப் பேரவையில் இளைஞர் சிலர் கேட்டார்கள். எண்ணும் வேலை மிச்சம், வங்கி நடை மிச்சம் என்பது உண்மையே. அட்டை ஒன்றை ஒரு பக்கம் மாட்டச் சம்மதித்தோம். பையை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. காணிக்கை நேரத்தில் தாய் தன் குழந்தையின் உள்ளங்கையில் ஒரு ரூபாயை வைத்து மூடுவதையும், அது அந்தக் காசைப் பூசை முடியும்வரை விடமாட்டேன் என்று சில வேளை அழுவதையும் பீடத்திலிருந்தே பார்த்து வருகிறோம். கைபேசியில் தட்டும் தொகையைக் குழந்தையின் கையில் எப்படி வைப்பது?

நம் பங்கிலுள்ள மளிகைக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம். வாடிக்கையாளர் பெயருக்கு நேரே மிஞ்சிய 50 காசைக் குறித்து வைத்து, இரண்டு சேர்ந்ததும் ஒரு ரூபாயைக் கழித்துக்கொடுங்கள் என்று. இருவர் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். ஒருவர், சாமி, இதற்கு யார் கணக்கு எழுதுவது என்றார். அவர் கடையில் ஒரே ஆள் என்பதால் நாமும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வாங்குவோரும் தம் பங்கைச் செய்யலாம். இரண்டு பாக்கெட் தேவையானால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என வாங்காமல் சேர்த்து வாங்கினால் பின்னம் எழாது. பத்து ரூபாய் நாணயத்தைப் பிறர் மறுத்தால் 14 வடிவமும் செல்லும் என்று எடுத்துச் சொல்லலாம்.

ஒரு வாசகர், வீட்டு உண்டியலை உடைத்ததில் நிறைய 25 காசும் 10 காசும் அகப்பட்டன, இப்போது மாற்ற வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். வழியில்லை, தவணை 2011லேயே முடிந்தது. உண்டியலில் இருந்த 50 காசுகளை மட்டும் தனியே பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளட்டும். அவை இன்றும் செல்லும். மற்றவற்றை நம் மறைக்கல்வி வகுப்புக்குக் கொடுத்தால் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்க அவை ஏற்றவை. பத்துக் காசின் அலையலையான விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி.