உயரமும் சமதரையும்

2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் தமிழ் நங்கையர் இருவர் இடம்பெற்றிருந்தனர். அவர்கள் தர்ஜினி சிவலிங்கமும் எழிலேந்தினி சேதுகாவலருமாவர். தர்ஜினியின் உயரம் 6 அடி 10 அங்குலம். 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அவர் 348 கோல்களை இட்டு முதலிடம் பெற்றார்.

உயரம் இயற்கையின் கொடை. ஆயினும் உயரம் மட்டும் வெற்றி தாராது. கையிற் கொண்ட பந்தை மூன்று விநாடிக்குள் விடுத்தல் வேண்டும். பிறர்க்கு எட்டாத பந்தைப் பற்றவும், 10 அடி உயர வளையத்துள் அதனைச் செலுத்தவும் நாள்தோறும் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குக் களம் வேண்டும்.

எமது வகுப்புகளிலும் நெடிதுயர்ந்த மாணவியர் உளர். ஏளனத்துக்கு அஞ்சி, கூனிக்குறுகிக் கடைசி வாங்கில் அமர்கின்றனர். அவர்களை நிமிரச் செய்வது அறிவுரையன்று, ஆடுகளமே. வத்தேகமைச் சூழலின் மலைச்சரிவுகளிலோ சமதரை அரிது.

வலைப்பந்துக் களத்துக்கு 100 அடி நீளமும் 50 அடி அகலமும் போதும். விழா நினைவாக அலங்கார வளைவு எழுப்புவதிலும் இத்துணை நிலத்தைச் சமன்செய்து அளித்தலே சிறந்ததென யாம் கருதுகின்றோம். பழைய மாணவர்கள் இதனை மனங்கொள்வார்களாக.