புகை போக வழி வைத்துக் கட்டுங்கள்

மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் கிரான் சந்தியைக் கடப்பவர்களுக்கு ஊர் மாறிவருவது கண்ணில் படும். ஓட்டுக்கூரைக் கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கொங்கிறீட் போட்ட மாடிக் கடைகள் எழுகின்றன. கீழே புடைவைக் கடையோ ஹாட்வெயாரோ இருக்கும். மேலே களஞ்சியம் அல்லது டியூஷன் வகுப்பு. முன்புறம் றோலர் கதவு, அதற்கு மேலே திறக்க முடியாதபடி பதித்த கண்ணாடி. பின்சுவர் அடுத்த காணியின் எல்லையோடு ஒட்டி நிற்பதால் அங்கே ஜன்னல் வைக்க இடமில்லை. ஏறவும் இறங்கவும் ஒரே படி.

இப்படி ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தால் புகை எந்த வழியாக வெளியே போகும்? வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் பிரதேச சபை இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத வரைபடத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கட்டடத் தீயில் சாகிறவர்களில் பெரும்பாலானோரைக் கொல்வது புகைதான். சுவாலை அவர்களிடம் வந்து சேரும் முன்பே மூச்சு நின்றுவிடுகிறது. டெல்லியின் உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13ஆம் திகதி தீப்பற்றியது கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் இருந்த மின்மாற்றியில். இறந்த 59 பேர் இருந்தது மேலே, பல்கனியில். படிக்கட்டு வழியாகவும் குளிரூட்டிக் குழாய்கள் வழியாகவும் ஏறிய புகை அவர்களைச் சூழ்ந்தபோது, கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு வாசல் அடைக்கப்பட்டிருந்தது.

கொல்கத்தாவின் ஆம்ரி வைத்தியசாலையில் நடந்தது இன்னும் கொடுமை. 2011 டிசெம்பர் 9 அதிகாலை, நிலக்கீழ்த் தளத்தில் குவித்துவைத்திருந்த பொருட்கள் பற்றின. கட்டடம் முழுவதும் கண்ணாடி போர்த்திய, குளிரூட்டிய கட்டடம். புகைக்குக் கிடைத்த ஒரே பாதை மேல்மாடி நோயாளர் விடுதிகள்தான். கட்டில்களை விட்டு எழுந்திருக்க முடியாத நோயாளிகள் படுத்தபடியே மூச்சுத் திணறினார்கள். பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்கள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தபோது காவலாளிகள் முதலில் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பின்னர் தீயணைப்பு வீரர்கள் கண்ணாடிகளை உடைத்துத்தான் புகைக்கு வழி செய்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சுமார் 90 பேர் மாண்டார்கள். திறக்கக்கூடிய ஜன்னல்கள் இருந்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.

சென்னை தியாகராய நகரில் 2017 மே 31ஆம் திகதி சென்னை சில்க்ஸ் கடை பற்றியபோது உயிர்கள் தப்பின. ஆனால் காற்றோட்டமே இல்லாத அந்தக் கட்டடத்துக்குள் புகையையும் வெக்கையையும் தாண்டித் தீயணைப்பு வீரர்களால் நுழைய முடியவில்லை. நகரத்தின் நடுவில், தண்ணீருக்கும் வண்டிகளுக்கும் குறைவில்லாத இடத்தில், அந்தப் பல மாடிக் கட்டடம் இரவும் பகலும் எரிந்து, அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

தீயில் எழும் சூடான புகை முதலில் கூரையில் போய் முட்டும். அங்கே பரவி, தடித்து, கீழே இறங்கத் தொடங்கும். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஸ்பொஞ்ச் மெத்தையும் செயற்கைத் துணியும் எரிந்தால் சயனைட் வாயுவும் சேரும். கூரையடியில் வெப்பம் 600 பாகையை நெருங்கும்போது அறையில் உள்ள அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுகூடம் பழைய மரத் தளபாடங்கள் போட்ட அறையொன்றையும் இக்காலத் தளபாடங்கள் போட்ட அறையொன்றையும் எரித்துப் பார்த்தது. பழைய அறை அந்த நிலைக்கு வர 29 நிமிடங்கள் சென்றன. புதியதற்கு 4 நிமிடங்கள்கூடத் தேவைப்படவில்லை.

கிரானுக்கென்று தீயணைப்பு நிலையம் இல்லை. இலங்கையில் இந்தச் சேவை பெரும்பாலும் மாநகர, நகர சபைகளிடமே இருக்கிறது. மட்டக்களப்பு மாநகர சபையின் வாகனம் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் ஓடி வர வேண்டும். மாரியில் வீதி வெள்ளத்தில் மூழ்கித் தோணியில் போய்வரும் மேற்குக் கரைக் கிராமங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 4 நிமிடத்தில் முடிந்துவிடும் காரியத்துக்கு அரை மணி நேரத் தொலைவில் இருந்து வரும் உதவி எப்படிப் போதும்? அதனால்தான் கட்டடமே தன் புகையைத் தானாக வெளியேற்ற வேண்டும் என்கிறோம்.

இதைக் கேட்டுவிட்டு, தீப்பிடித்ததும் கண்ணாடிகளை உடைத்தால் சரி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் ஊர்களில் தீ என்றதும் கூடுகிறவர்கள் முதலில் செய்வது கதவை உடைப்பதுதான். நல்ல மனதோடு செய்வது, ஆனால் ஆபத்தானது. காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும் தீக்குத் திடீரென்று கதவைத் திறந்துவிடுவது ஊதுகுழலால் அடுப்பை ஊதுவது போன்றது. 2012 ஜூலையில் நியூயோர்க் தீயணைப்புத் துறையினர் கவர்னர்ஸ் தீவில் இடிக்க இருந்த வீடுகளை எரித்துச் சோதித்தபோது இதைத்தான் கண்டார்கள். தண்ணீர் தயாராக இல்லாமல் திறந்த கதவு தீயைச் சில நிமிடங்களில் பெருக்கியது. கதவைச் சாத்தி வைத்த அறைகளோ தாக்குப்பிடித்தன.

இங்கே கச்சான் காற்றும் இருக்கிறது. வைகாசி தொடங்கி மேற்கிலிருந்து அது வீசும் நாட்களில், காற்று வரும் பக்கத்து ஜன்னலை உடைத்தால் நெருப்பு மறுபக்கத்துப் படியில் இறங்கிக்கொண்டிருப்பவர்கள்மேல் பாயும். எந்தப் பக்கம், எப்போது திறப்பது என்பது தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்திருக்கும் பயிற்சி பெற்றவர் எடுக்க வேண்டிய முடிவு. ஊரவர்கள் செய்யக்கூடியது ஆட்களை வெளியேற்றி, வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வருவது. இதைப் பாடசாலைகளிலும் கடைக்காரர் சங்கங்களிலும் சொல்லிக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும்.

கட்டும்போது வைக்கும் வழிகள் வேறு விடயம். படிக்கட்டின் உச்சியில் திறக்கக்கூடிய ஜன்னல், களஞ்சியத்துக்கும் படிக்கும் இடையில் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, பின்னால் இன்னொரு படி ஆகியவை தீ மேலே ஏறுவதைத் தாமதப்படுத்தி, ஆட்கள் இறங்கும் பாதையில் புகை தேங்காமல் காக்கும். செலவு கூடும் என்று கட்டுவோர் சொல்வார்கள். கள்ளர் பயம், மாரி மழை, குளிரூட்டியின் மின்கட்டணம் என்றும் சொல்வார்கள். இவை நியாயமான கவலைகள்தாம். உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பி, மழைத் தட்டு, நன்றாகச் சாத்தும் கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. இந்த மண்ணின் பழைய ஓட்டு வீடுகளில் சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துளைகள் விட்டுத்தான் கட்டினார்கள். 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று விதித்தது. நாம் கேட்பது புதிய ஆடம்பரம் எதுவும் இல்லை.

அனுமதியோடு சபையின் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. சிக்காகோவில் 1903 டிசெம்பர் 30ஆம் திகதி இரோகுவா அரங்கு எரிந்து 602 பேர் இறந்தார்கள். அந்த அரங்கின் மேடைக்கு மேலே புகைபோக்கிகள் கட்டப்பட்டுத்தான் இருந்தன. ஆனால் அவை அடைத்துக் கிடந்தன. நம் கடைகளிலும் பின்படியில் சிமெந்துப் பைகள் ஏறுவதற்கும் ஜன்னலைப் பலகையடித்து மூடுவதற்கும் அதிக நாள் செல்லாது. ஆண்டுக்கொரு தடவை வியாபார அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது உத்தியோகத்தர் ஒருவர் நேரில் ஏறிப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை மாடி வகுப்புகள். 2004 ஜூலை 16ஆம் திகதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறித்த தீ, கூரைக்குக் கிடுகும் இறங்க ஒடுங்கிய படியும் கொண்ட பள்ளியில் பரவியது. இங்கே கிடுகுக்குப் பதில் கொங்கிறீட் இருக்கலாம். படி அதே படிதான். இரண்டாவது வழி இல்லாத மாடியில் வகுப்பு நடத்தச் சபை அனுமதிக்கக் கூடாது. இப்போது நடக்கும் வகுப்புகளை, வழி அமைக்கும்வரை கீழ்த்தளத்துக்கு இறக்க வேண்டும்.

கிரான், வாழைச்சேனை, கல்குடா பகுதிகளுக்குப் பொதுவாக ஒரு தீயணைப்பு வாகனமும், புகையை வெளியே தள்ளும் விசிறியும், மூச்சுக் கருவிகளும், அவற்றைக் கையாளப் பயின்ற ஆட்களும் தேவை. இது ஒரு சபையின் பணத்தால் ஆகாது. அயல் சபைகள் சேர்ந்து மாகாண சபை நிர்வாகத்திடமும் மத்திய அரசிடமும் கேட்க வேண்டும். அந்த வாகனம் வர ஆண்டுகள் ஆகலாம். வரைபட அனுமதியில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சபையின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். அதற்குக் கொழும்பின் பணம் தேவையில்லை.