சனிக்கிழமை எங்கே?

சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள சித்தப்பா வீட்டிற்குச் சென்றிருந்தபோது, மான்டிசெல்லோ மாளிகையைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. அந்நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் தாமே வரைபடம் தீட்டிக் கட்டிய குன்றின்மேல் வீடு அது. அவர்களது ஐந்து சென்ட் நாணயத்திலும் அதைக் காணலாம்.

முன்கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம். பீரங்கிக் குண்டுகளே அதன் எடைகள். அவை இறங்க இறங்க, சுவரில் குறித்த கிழமைகள் ஒவ்வொன்றாகக் கடக்கும். சுவரின் உயரம் போதாமல், தரையில் துளையிட்டுச் சனிக்கிழமையை நிலவறைக்கு அனுப்பிவிட்டார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது.

கண்ணில் படாமல் போனது சனிக்கிழமை மட்டுமன்று. உணவறையில், பரிமாறுவோர் உள்ளே வராமலே உணவு வந்துசேரச் சுழலும் கதவு ஒன்று உண்டு. மனிதர் அனைவரும் சமம் என்று 1776-இல் எழுதியவர், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். ஆணிப் பட்டறையில் உழைத்தவர்கள் 10 முதல் 16 வயதுச் சிறுவர்கள். நம் ஆறாம் வகுப்புத் தங்கைகளின் வயது!

வழிகாட்டி இதைச் சொன்னபோது, "வீட்டைப் பார்க்க வந்தோம், இந்தக் கதை எதற்கு?" என்று ஒருவர் முணுமுணுத்தார். பெரிய மனிதரின் குறையை ஏன் கிளற வேண்டும் என்று சித்தப்பாவும் கேட்டார். எனக்கு அது சரியென்று படவில்லை. அந்தச் சமையற்கட்டில் சமைத்தவர் எடித் பாசெட். கொல்லரான அவர் கணவர் ஜோசப்புக்கு ஜெபர்சனின் உயில் விடுதலை தந்தது. எடித்துக்கும் பிள்ளைகளுக்கும் தரவில்லை. 1827-இல் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். 11 வயதில் விற்கப்பட்ட மகன் பீட்டர், பிற்காலத்தில் போதகராகி, 1900-ஆம் ஆண்டு முதியவராய் அந்த வீட்டைப் பார்க்க மீண்டும் வந்தார். இவர்களை விட்டுவிட்டு அந்த வீட்டின் கதையை எப்படிச் சொல்வது?

இறங்கும் வழியில் ஜெபர்சனின் கல்லறை. சுதந்திரப் பிரகடனம், சமயச் சுதந்திரச் சட்டம், வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் என்று மூன்று மட்டுமே கல்லில் உள்ளன. குடியரசுத் தலைவர் பதவி கூட இல்லை. தம்மைப் பற்றி எதைச் சொல்வது என்பதை அவரே எழுதிவைத்துவிட்டார். எடித்துக்கு அந்த வசதி இல்லையே, வழிகாட்டிதானே சொல்ல வேண்டும் என்றேன். சித்தப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.