பெயர் ஒன்று, வாசல் நான்கு

சில வாரங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து பழைய நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் கொழும்புக்கு வருகிறாராம். வெள்ளவத்தையில் மாடிவீடொன்றில் வசிக்கும் மூத்த சகோதரியைப் பார்ப்பதே பயணத்தின் நோக்கம். "சினமன் எண்ட பேரிலை கொழும்பிலை நாலு ஹோட்டல் காட்டுது. எல்லாம் ஒரே கொம்பனிதானே, விலை குறைஞ்சதைப் போடட்டோ?" என்று கேட்டார்.

கேள்வி அவருடையது மாத்திரமல்ல. புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களில் பலர், பழக்கப்பட்ட பெயரொன்றைக் கண்டால் மேற்கொண்டு எதையும் விசாரிப்பதில்லை. பெயர் உத்தரவாதமளிப்பது சுத்தமான படுக்கையையும் ஓரளவு மரியாதையான உபசரிப்பையும் மாத்திரமே. வாசலைக் கடந்ததும் கால் வைக்கப்போகும் தெரு எதுவென்பதை அது சொல்வதில்லை.

ஜோன் கீல்ஸ் குழுமத்தின் இந்த நான்கு ஹோட்டல்களும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக எழுந்தவை. காலி வீதியில், அலரி மாளிகைக்கு அண்மையில் 500க்கும் அதிகமான அறைகளுடன் நிற்கும் சினமன் கிராண்டை எமது தலைமுறை லங்கா ஒபரோய் என்றே அறிந்திருந்தது. பேர வாவிக்கரையிலுள்ள சினமன் லேக்சைட் முன்னர் ரமடா ரெனசன்ஸாகவும் பின்னர் ட்ரான்ஸ் ஏசியாவாகவும் இருந்தது. எனக்கு இன்றும் அந்தப் பழைய பெயர்களே முதலில் நாவில் வருகின்றன. மற்றைய இரண்டும் நண்பர் கடைசியாக வந்துபோன பின்னர் திறக்கப்பட்டவை. ஆடம்பரத்தைக் குறைத்து, கட்டணத்தையும் குறைக்கும் எண்ணத்துடன் சினமன் ரெட் 2014இல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வந்தது. சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற பெருந்தொகுதியின் அங்கமாக, 687 அறைகள் கொண்ட சினமன் லைஃப் 2024 ஒக்டோபரில் கொம்பனித்தெருவில் திறக்கப்பட்டது. அதே தொகுதியில் 2025 ஓகஸ்டில் சூதாட்ட நிலையமும் இயங்கத் தொடங்கியது.

ஆக, நான்கில் எது சிறந்தது என்பது பிழையான கேள்வி. எதற்காக வருகிறோம் என்பதே சரியான கேள்வி. செட்டியார் தெருவில் நகை வாங்கவும், கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசரை வணங்கவும், கோட்டையில் யாழ்ப்பாணப் புகையிரதம் ஏறவும் வருபவருக்கு வாவிக்கரை வசதி. மாநாட்டுக்கும் கேளிக்கைக்கும் வருபவருக்குப் புதிய மாளிகை பொருந்தும். வெள்ளவத்தைக்கு நாளாந்தம் போய்வர வேண்டியவருக்கோ கொள்ளுப்பிட்டிப் பக்கமே உகந்தது. அங்கிருந்து காலி வீதியில் பம்பலப்பிட்டியைத் தாண்டினால் வெள்ளவத்தைதான். மாலை வேளையில் நகரத்தின் நெரிசலை ஊடறுத்துச் செல்வதற்கும் இதற்குமுள்ள வேறுபாட்டைக் கொழும்புவாசிகள் அறிவர்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் முதலில் கண்ணிற்படும் தொகை எப்போதும் இறுதித் தொகையாக இருப்பதில்லை. சேவைக் கட்டணம், வரிகள், காலையுணவு ஆகியவை சேர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். 100 டொலர் அறைக்கு 10 சதவீத சேவைக் கட்டணத்தையும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிவிட்ட பெறுமதிசேர் வரியையும் கூட்டினால், சிறு வரிகளை விட்டாலும் தொகை 130ஐத் தொட்டுவிடும். சகோதரி வீட்டில் இடியப்பமும் சொதியும் காத்திருக்கும்போது ஹோட்டல் காலையுணவுக்குப் பணம் கட்டுவதும் வீண்.

பாதுகாப்புக்காகவே பெரிய பெயரை நாடுவதாகச் சிலர் கூறுவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று காலையில் குண்டு வெடித்த மூன்று ஆடம்பர ஹோட்டல்களில் சினமன் கிராண்டும் ஒன்று. ஷங்ரி-லாவும் கிங்ஸ்பரியும் மற்றையவை. பெயரோ நட்சத்திரங்களோ அன்று எவரையும் காக்கவில்லை. குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. தேவாலயங்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. எந்தப் பெயரிடமும் அது தரமுடியாததை எதிர்பார்க்கலாகாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானதொன்றை நண்பரிடம் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் குளிரூட்டிய முன்மண்டபத்தில் அமர்ந்துகொண்டு முதியவர்களை அங்கே வரவழைக்கும் வழக்கமொன்று இப்போது பரவியிருக்கிறது. எண்பதை நெருங்கும் ஒருவர் நல்ல சேலை உடுத்து, முச்சக்கரவண்டி பிடித்து, வாசலில் பையைச் சோதிக்கக் கொடுத்துவிட்டு, வழுவழுப்பான தரையில் தயங்கித் தயங்கி நடந்துவந்து, ஒரு கோப்பைத் தேநீரின் விலையைக் கண்டு திகைத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் மனம் விட்டுப் பேச அவர்களால் இயலாது. பேசாமலே விடைபெற்றுப் போய்விடுவார்கள். அதற்குப் பின் இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்குமென்று யாரும் உறுதி கூறமுடியாது.

எனவே நண்பர்களே, ஹோட்டலைத் தெரிவுசெய்யும்போது நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன்னர், நீங்கள் பார்க்கவரும் மனிதரின் வீட்டுக்கு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

நண்பர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "அக்கா வீட்டிலை லிஃப்ட் வேலை செய்யுதோ தெரியாது, மூண்டாம் மாடி" என்றார். "நீங்கள்தான் ஏறவேண்டும், அவரை இறக்காதீர்கள்" என்றேன். கொள்ளுப்பிட்டியிலேயே அறையைப் பதிவுசெய்துவிட்டதாக மறுநாள் தகவல் அனுப்பியிருந்தார்.