முட்டையின் மேல் ஒரு தேதி



அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுபோகும் நம் டெல்டாக்காரர்களுக்கு 17 என்ற எண் நன்கு தெரியும். ஈரப்பதம் அந்தச் சதவீதத்தைத் தாண்டினால் நெல் மறுபடியும் களத்தில் காய வேண்டியதுதான். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மக்தபில் அதைப் பாடமாக நடத்தும்போது, நெல்லறிந்த பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிவிடுகிறது.

ஆனால் நம் கொல்லையில் கிடைக்கும் முட்டைக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. பால் சங்கத்தில் உள்ள பால்மானி தண்ணீர் கலப்பைக் காட்டித்தரும். கறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று சொல்லாது. அதை அறிந்தவர் வீட்டார் மட்டுமே. ஆகவே அந்த நாள் கணக்கு நம்மிடம் உள்ள ஓர் அமானிதம்.

இதை நாம் எழுதுவதற்குக் காரணம் நம் வீட்டில் நடந்த ஒன்று. நாட்டுக்கோழி வைக்கோல் போருக்குள் ஒளித்து இட்டிருந்த பதினோரு முட்டைகள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. அவற்றில் ஆறைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிற்குக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் அவர், "ரெண்டு அழுகியிருந்துச்சுப்பா" என்று மெல்லச் சொன்னார். நமக்கென்று எடுத்து வைத்தவை கூடையில் இருந்த, அந்த வாரத்து முட்டைகள் என்பதே நம்மை அதிகம் உறுத்தியது. நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் ஏற்போம் என்ற நிலையிலுள்ள மட்டமானதைப் பிறருக்கென ஒதுக்குவதைத் திருக்குர்ஆன் (2:267) தடுக்கிறது. அதை எத்தனையோ முறை பிறருக்கு ஓதிக்காட்டியவர்கள் நாம்!

அன்றிலிருந்து முட்டையை எடுத்தவுடன் பென்சிலால் தேதி எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு அதில் ஒரு போட்டியே நடக்கிறது. பழையது முன்னால், புதியது பின்னால். கழுவி வைப்பதில்லை; ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு கழுவினால் போய்விடும். சமைக்கும் முன் கழுவினால் போதும். நாள் தெரியாத முட்டையைத் தண்ணீரில் இட்டால், புதியது அடியில் படுத்துக்கிடக்கும். பழையது நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாவதே காரணம். எனினும் இது வயதைத்தான் ஓரளவு காட்டும், கிருமியைக் காட்டாது. தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்ப்பது அவசியம்.

பாலில் நாம் செய்யும் தவறு வேறு. காலையில் மீந்ததோடு மாலைப் பாலை ஊற்றிவிடுகிறோம். பழையது புதியதையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. இரண்டையும் தனித்தனியே காய்ச்சித் தனிப் பாத்திரத்தில் வைப்பதே சரி. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்பெட்டியையே நம்பியிருந்தவர்கள் அப்போதுதான் வேளைக்கு வேளை பாலைக் காய்ச்சிய பாட்டிமார்களை நினைத்தார்கள்.

போரில் கிடைப்பதை இப்போதும் சில வேளை கொடுக்கத்தான் செய்கிறோம். "இது நாள் தெரியாதது, ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். பெரியம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்.