கொல்லைக் கோழியும் அண்டை வீட்டார் உரிமையும்

இளவேனிலில் ஒரு கோடைமழை பெய்துவிட்டால், நம் கொல்லைகளில் கீரையும் வெண்டையும் விதைக்கத் தொடங்கிவிடுகிறோம். 21 நாட்கள் அடைகாத்த கோழியும் குஞ்சுகளுடன் கிளறப் புறப்படுகிறது. இரண்டுமே இறைவனின் அருட்கொடைகள். ஆயினும், முளைவிட்ட பாத்தியைக் கோழி ஒருமுறை கிளறினால் அத்தனை உழைப்பும் பாழ். அதனால்தான் நம் பாத்திக்கு வலை கட்டுகிறோம். பக்கத்து வீட்டாரின் பாத்திக்கு?

"கோழிக்கு வேலி தெரியுமா?" என்று சிரித்துக் கடந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கோழிக்குத் தெரியாதுதான், வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ஆடுகள் இரவில் பிறர் விளைநிலத்தில் மேய்ந்துவிட்ட வழக்கில் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகிய இரு நபிமார்கள் தீர்ப்பளித்ததை அல்குர்ஆனின் அல்அன்பியா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. பயிர் இழந்தவரின் முறையீடு அற்பமானதன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

ஆகவே, விதைப்புக் காலத்தின் முதல் சில வாரங்களேனும் கோழிகளை வலைத் தடுப்புக்குள் வைத்து, நிழலும் தண்ணீரும் தீவனமும் குறைவின்றிக் கொடுப்போம். அடைத்துவைத்துப் பட்டினி போடுவதும் பாவமே. மீறிச் சேதம் நேர்ந்தால், கேட்கும்வரை காத்திராமல் நாமே சென்று விதையோ நாற்றோ கொடுத்து ஈடுசெய்வோம். நான்கு முட்டை கொடுத்தனுப்புவது நல்ல பழக்கம். ஆனால் அது அன்பளிப்பு, இழப்பீடு அன்று. அண்டை வீட்டார் மனம் நொந்திருக்க, நம் வீட்டு முட்டையில் பரக்கத்தை எங்கே தேடுவோம்?